கமக்கட்டில் தொங்காமல் கையில் ஊன்றுவோம்

இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் கமம் செய்கின்ற எவரும் கருவியின் அளவை அறியாதவர் அல்லர். மண்வெட்டிப் பிடி நீண்டால் தோள் நோகும்; குறுகினால் இடுப்பு நோகும். ஒருவருடைய மண்வெட்டியை இன்னொருவர் வாங்கினால், ஒரு வரம்பு வெட்டி முடிப்பதற்குள் "இது என்ரை கைக்கு வராது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இவ்வளவு நுட்பமாக அளவு பார்க்கின்ற எமது மக்கள், ஒரு கருவியை மட்டும் அளவு பாராமல் வாங்குகின்றார்கள். அளவு பாராமலே பாவித்து, அதனால் வரும் நோவையும் விதியென்று பொறுத்துக்கொள்கின்றார்கள். அந்தக் கருவிதான் ஊன்றுகோல்.

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடு, 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் குளம். வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம், பரந்தன் என அதன் வாய்க்கால்கள் ஓடும் ஊர்களில் வாழ்ந்தோர் 1996இல் ஒருமுறை இடம்பெயர்ந்தார்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டு மீண்டும் நடந்தார்கள். மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள் அந்த நடையிலும் இருந்தார்கள். அந்த நடையிலேயே கால் இழந்தவர்களும் இருந்தார்கள். முகாம்களில் வரிசையில் நின்றபோது ஊன்றுகோல்கள் கொடுக்கப்பட்டன. இருந்ததைக் கொடுத்தார்கள், கிடைத்ததை வாங்கினார்கள். நெடியவருக்குக் குட்டையும் குட்டையானவருக்கு நெடியதும் போயின. பின்னர் ஊர் திரும்பியபோது அவையும் கூடவே வந்தன. ஒருவர் இறந்தால் அவருடைய ஊன்றுகோல் அயல்வீட்டுக்குப் போனது. தகப்பனுடையது மகனுக்குப் போனது.

இப்படிக் கைமாறிய ஊன்றுகோல்களுடன் நடப்போரை நாம் வீடு வீடாகக் காண்கின்றோம். "கை விறைக்குது, வயசுதான் காரணம்" என்கிறார் ஒருவர். "இரவிலை விரலெல்லாம் எறும்பு ஓடின மாதிரி" என்கிறார் இன்னொருவர். காரணம் பெரும்பாலும் வயது அல்ல. கமக்கட்டுக்குள் ஏறி நிற்கும் அந்தக் கட்டைதான்.

கால் இழந்த கமக்காரருக்கு மிஞ்சியிருப்பது கை. நாற்றுப் பிடுங்குவதும், மூட்டை தைப்பதும், பால் கறப்பதும், பிள்ளையைத் தூக்குவதும் அந்தக் கைதான். காலுக்கு உதவ வந்த தடி கையைப் பறித்துக்கொண்டு போக நாம் விடக்கூடாது. இக்கட்டுரை சொல்ல வருவது அவ்வளவே.

கமக்கட்டில் என்ன இருக்கின்றது?

தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகளும் பெரிய இரத்தக் குழாயும் கமக்கட்டின் ஊடாகவே செல்கின்றன. அங்கே அவற்றைக் காக்கத் தடித்த தசையோ எலும்போ இல்லை. ஊன்றுகோலின் மேற்கட்டையில் உடம்பைத் தொங்கவிட்டு நடந்தால், உடம்பின் பாரம் முழுவதும் அந்த நரம்புகளை நசுக்குகின்றது. வாய்க்கால் குழாயை மிதித்தால் நீர் நிற்பதுபோல, நரம்பு வழியே போகும் கட்டளையும் தடைப்படுகின்றது.

முதலில் விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். பின்னர் பிடி தளரும். கோப்பை கையிலிருந்து நழுவும். முற்றினால் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். இதனைக் கண்டறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. கையை முன்னே நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது மணிக்கட்டிலிருந்து கையை மேல்நோக்கி உயர்த்துங்கள். இரண்டு கையும் ஒரே அளவில் உயர வேண்டும். ஒன்று உயராவிட்டால், அல்லது விரல்களை விரித்து நிமிர்த்த முடியாவிட்டால், அந்த ஊன்றுகோலை அன்றே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நசுக்குதலை நிறுத்தினால் இந்த நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் அதற்குப் பல வாரங்களோ மாதங்களோ செல்லும். "பழகிவிடும்" என்று தொடர்ந்து நடப்பவருக்குத் தேறுவது கடினமாகும்.

ஊன்றுகோல் கட்டையாக இருந்தாலும் கேடுதான். கூனிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். முதுகும் கழுத்தும் நோகும். பாரம் முன்னால் சாய்வதால் விழுவதும் எளிது.

அளவெடுக்கும் முறை

அளவெடுக்க வைத்தியரோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், பிடித்துக்கொள்ள ஒரு சுவரும், கூட நிற்க ஒருவரும் போதும். வழமையாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். வெறுங்காலுக்கும் தடித்த செருப்புக்கும் ஓர் அங்குலம் வரை வித்தியாசம் வரும்.

முதலாவது, முழு உயரம். உரியவரைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கச் செய்யுங்கள். தோள்களை உயர்த்தாமல் தளர விட வேண்டும். ஊன்றுகோலின் அடிநுனியைப் பாதத்தின் முன்னால் ஆறு அங்குலமும், அங்கிருந்து வெளிப்புறமாக ஆறு அங்குலமும் தள்ளி வையுங்கள். அப்படி வைத்தபோது மேற்கட்டைக்கும் கமக்கட்டுக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல்களைப் படுக்கையாக நுழைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். விரல் நுழையாவிட்டால் ஊன்றுகோல் நெடிது. நான்கு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டை.

இரண்டாவது, கைப்பிடி. கையைப் பக்கத்தில் சும்மா தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகின்றதோ, அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். முழங்கை விறைப்பாக நேரே நின்றால் கைப்பிடி தாழ்வு. அதனால் உடம்பைத் தூக்க முடியாது, பாரம் கமக்கட்டுக்குப் போய்விடும். முழங்கை அதிகமாக மடிந்தால் கைப்பிடி உயரம். அதனால் கை விரைவில் களைத்துவிடும். பலரும் முழு உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைப்பிடியை மறந்துவிடுகின்றார்கள். உண்மையில் பாரம் நிற்க வேண்டிய இடம் கைப்பிடிதான். எனவே இரண்டில் முக்கியமானதும் அதுதான்.

மூன்றாவது, நடந்து பார்த்தல். பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தோள்கள் காதை நோக்கி உயர்ந்தால் ஊன்றுகோல் நெடிது. முதுகு வளைந்தால் குட்டை. மேற்கட்டையைக் கமக்கட்டில் வைக்காமல், விலாவுக்கும் மேற்கைக்கும் இடையில் இறுக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். அது தடி நழுவாமல் இருக்க மட்டுமே. பாரம் தாங்க அல்ல.

எழுந்து நிற்க முடியாதவருக்கு ஒரு கணக்கு உண்டு. அவருடைய உயரத்திலிருந்து 16 அங்குலத்தைக் கழியுங்கள். ஐந்து அடி ஆறு அங்குலம் என்றால் 66 அங்குலம். 16 போக 50 அங்குலம். இது முதன்முதலாகத் தடி வெட்டுவதற்கான அளவு மட்டுமே. எழுந்து நின்ற பிறகு மேலே சொன்னபடி திருத்திக்கொள்ள வேண்டும்.

முழங்கைக்குக் கீழே வளையம் உள்ள ஊன்றுகோல்களும் இப்போது பலரிடம் இருக்கின்றன. அவற்றிலும் கைப்பிடிக்கு மணிக்கட்டு அளவுதான். வளையம் முழங்கை மடிப்புக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கீழே நிற்க வேண்டும். அது முழங்கையில் முட்டக்கூடாது. கையைக் கழற்ற முடியாதபடி இறுகவும் கூடாது. இந்த வகையில் கமக்கட்டுக்கு ஆபத்து இல்லை. ஆனால் கையில் நல்ல பலம் வேண்டும்.

வளரும் பிள்ளைகளுக்கு ஒருமுறை எடுத்த அளவு நிலைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் திரும்ப அளக்க வேண்டும். சட்டை கட்டையாவதைக் காணும் தாய்க்கு ஊன்றுகோல் கட்டையாவது தெரியாமல் போகலாம். எனவே பாடசாலைத் தவணை தொடங்கும் நாளை அளவெடுக்கும் நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஆண்களின் அளவில் வந்த ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு "சமாளியுங்கோ" என்று சொல்வதும் நிற்க வேண்டும்.

ஊரிலேயே செய்யலாம்

துளைகள் உள்ள அலுமினிய ஊன்றுகோல் என்றால் ஆணியைக் கழற்றி, உரிய துளையில் மாட்டி, சுரையை இறுக்கினால் வேலை முடிந்தது. இரண்டு தடியிலும் ஒரே எண் துளையில் மாட்டியிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். பழைய மரத்தடி நெடிதாக இருந்தால் அடியில் அறுத்து, கைப்பிடியையும் புதிய அளவுக்கு மாற்றலாம். அடியில் அறுத்தால் கைப்பிடியும் கூடவே தாழ்ந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. தடி குட்டையாக இருந்தால் ஒட்டுப் போடுவது நல்லதல்ல. புதிது செய்வதே பாதுகாப்பு.

புதிதாகச் செய்வதும் பெரிய வித்தையல்ல. டேவிட் வேர்னர் என்பவர் கிராமங்களில் வாழும் வலுவிழந்த சிறுவர்களுக்காக 1987இல் வெளியிட்ட நூலில், காட்டுக் கவர்த்தடியிலிருந்தும் ஊன்றுகோல் செய்யலாம் என்று படம் வரைந்து காட்டினார். மெக்சிக்கோவின் மலைக்கிராம மக்களுடன் இருந்து அவர் கற்றது அது. எமது ஊரிலும் மண்வெட்டிப் பிடிக்கும் கோடரிப் பிடிக்கும் எந்த மரத்தைத் தேர்வார்களோ, அதே மரத்தை எடுக்கலாம். வெடிப்பும் கணுவும் இல்லாத, நன்றாகக் காய்ந்த, ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள கம்பாக இருக்க வேண்டும். முதிரை போன்ற காட்டு மரங்களை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். எனவே வளவில் நிற்கும் மரத்தையோ, தச்சுப் பட்டறையில் மிஞ்சிய துண்டையோ பயன்படுத்துங்கள்.

நேரான கம்பின் மேற்பாதியை நடுவே வாளால் பிளக்க வேண்டும். பிளவு முடியும் இடத்தில் ஒரு ஆணியும் சுரையும் இட்டு இறுக்கினால் அது மேலும் பிளந்துபோகாது. இரு பாதியையும் விரித்து, மணிக்கட்டு அளவில் கைப்பிடிக் கட்டையையும், உச்சியில் சற்று வளைந்த மேற்கட்டையையும் பொருத்த வேண்டும். கைப்பிடி, விரல்கள் சுற்றிப் பிடிக்கும் பருமனில் உருண்டையாக இருக்கட்டும். அதன் மேல் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினால் வியர்வையில் வழுக்காது. மேற்கட்டைக்குத் துணியும் ரியூப்பும் சுற்றலாம்; சுற்றிய பிறகே உயரத்தை அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மெத்தென்று இருப்பதால் அதில் சாயலாம் என்பதல்ல. பஞ்சு வைத்தாலும் நரம்பு நசுங்கும்.

அடிநுனிக்குக் கடையில் றப்பர் மூடி கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் பழைய ரயரின் தடித்த பகுதியை வட்டமாக வெட்டி, ஆணித்தலை றப்பருக்குள் நன்றாகப் புதையும்படி அறையலாம். ஆணித்தலை வெளியே நின்றால் சீமெந்துத் தரையில் சறுக்கும். மாரி காலத்துச் சேற்றுக்கும் மணலுக்கும் அகன்ற அடி வேண்டும். மூன்று அங்குல அகல ரயர் வட்டம் புதையாமல் தாங்கும்.

செய்து முடித்ததும் உரியவர் கையில் கொடுக்க முன், பாரமான ஒருவர் கைப்பிடியில் தமது முழுப் பாரத்தையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். முறிவதானால் அப்போதே முறியட்டும்.

நடக்கப் பழகுதல்

நிற்கும்போது இரண்டு தடியும் காலும் முக்கோணமாக நிற்க வேண்டும். அடுப்பு மூன்று கல்லில் நிற்பதுபோல உடம்பும் நிலைத்து நிற்கும். தடிகளைப் பாதத்துக்கு நேர் பக்கத்தில் வைத்து நிற்பவர் ஒரு சிறு தள்ளலிலும் சாய்ந்துவிடுவார்.

ஒரு காலில் நடப்பவர் இரண்டு தடியையும் ஒன்றாக ஓர் அடி முன்னே வைத்து, கைகளில் பாரத்தை ஏற்றி, நல்ல காலைத் தடிகளின் அருகே கொண்டுவர வேண்டும். பழகிய பின்னரே தடிகளைத் தாண்டி எட்டி வைக்கலாம். காலில் ஓரளவு பாரம் வைக்கக் கூடியவர் தடிகளுடன் சேர்த்து நோயுற்ற காலை வைத்து, பின்னர் நல்ல காலை வைக்க வேண்டும். இரு காலும் பலவீனமானவர் வலத்தடி, இடக்கால், இடத்தடி, வலக்கால் என்று ஒவ்வொன்றாக வைத்து நடக்கலாம்; இது மெதுவானது, ஆனால் உறுதியானது. இளம்பிள்ளைவாதத்தால் கால் மெலிந்தவர்கள் இவ்வாறு நடப்பது உண்டு. இலங்கையில் 1993க்குப் பின்னர் அந்த நோய் பதிவாகவில்லை. ஆனால் முன்னர் பாதிக்கப்பட்டவர்கள் எமது ஊர்களில் இன்றும் வாழ்கின்றார்கள்.

ஒரு தடி மட்டும் பாவிப்பவர் அதை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? நோயுற்ற காலின் பக்கத்தில்தான் என்று பலர் நினைக்கின்றார்கள். அது சரியல்ல. நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடித்து, நோயுற்ற காலுடன் சேர்த்து முன்னே வைக்க வேண்டும். அந்தக் காலில் சற்றும் பாரம் வைக்க முடியாதவருக்கு இரண்டு தடியும் அவசியம்.

படி ஏறும்போது நல்ல கால் முன்னே போகும். தடிகளும் நோயுற்ற காலும் பின்னே போகும். இறங்கும்போது தடிகளும் நோயுற்ற காலும் முன்னே, நல்ல கால் பின்னே. குளக்கட்டுச் சரிவுக்கும் வாய்க்கால் கரைக்கும் இதே ஒழுங்குதான்.

கதிரையிலிருந்து எழும்போது இரண்டு தடியின் கைப்பிடிகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மற்றக் கையால் கதிரையை ஊன்றி எழுந்து, நிலைத்து நின்ற பின் தடிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விழப்போகின்றோம் என்று தெரிந்தால் தடிகளைப் பக்கத்தில் எறிந்துவிட்டு, முழங்கைகளை மடக்கிக் கைகளில் விழுவது நல்லது. தடியைப் பிடித்துக்கொண்டே விழுபவருக்குத்தான் விலா முறிகின்றது.

வயலும் வளவும்

ஊன்றுகோல் அளவாக இருந்தும் வளவு அளவாக இல்லாவிட்டால் பயனில்லை. இரண்டு தடியுடன் நடப்பவருக்கு மூன்று அடி அகலம் வேண்டும். எமது வரம்புகள் ஓர் அடிகூட இல்லை. எல்லா வரம்பையும் அகலமாக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வயலின் ஒரு மூலை வரை, தண்ணீர் திருப்பும் மடைவாய் வரை, ஒரே ஒரு வரம்பை அகட்டி மிதித்து இறுக்கினால் போதும். அந்த ஒரு வரம்பு ஒருவரை வீட்டுத் திண்ணையிலிருந்து மீண்டும் கமத்துக்குள் கொண்டுவரும்.

கிணற்றடியில் பாசி படிய விடாதீர்கள். கட்டைச் சுற்றிக் கிரவல் போடுங்கள். வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஊன்றுகோலில் நடக்க முடியாது. தோளில் மாட்டும் பை, மூடியுள்ள போத்தல், தள்ளுவண்டி ஆகியவை உதவும். மலசலகூடத்தில் குந்தியிருக்க முடியாதவருக்கு, இருக்கைப் பலகையில் துளையிட்ட மரக்கதிரையும் சுவரில் ஒரு பிடித்தடியும் போதும். வீட்டுக்குள் விரித்த பாயும் சாக்கும் தடியை வழுக்கச் செய்யும். சேறு ஒட்டிய றப்பர் நுனியும் அப்படித்தான். உள்ளே வரும்போது துடையுங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதாகக் குறிக்கப்படாத காணிக்குள் குறுக்குப் பாதை தேடி இறங்காதீர்கள். கால் மிதிப்பது போலவே தடிநுனியும் மிதிக்கின்றது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. நிலத்தில் புதைந்ததை எடுத்து முடிப்பது அதற்குப் பிறகும் பல ஆண்டு வேலை.

செயற்கைக் கால் வரும் வரையும், வந்த பின்னும்

முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்ட பலர், நிற்கும்போது எஞ்சிய காலை ஊன்றுகோலின் கைப்பிடி மேல் மடித்து வைத்துக்கொள்கின்றார்கள். சற்று ஆறுதலாக இருக்கலாம். ஆனால் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிடும். பின்னர் நேராக நீட்ட முடியாது. நீட்ட முடியாத முழங்காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது மிகக் கடினம். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பதும் இதே கேட்டைத் தரும். தினமும் சிறிது நேரம் குப்புறப் படுத்து, இடுப்பையும் முழங்காலையும் நீட்டி வைப்பது நல்லது.

எமது மண்ணுக்கு ஏற்ற செயற்கைக் கால் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் பிறந்தது. வைத்தியர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968இல் அதனை உருவாக்கினார்கள். மேல்நாட்டுக் கால் சப்பாத்துக்குள் இருக்கச் செய்தது. றப்பரால் ஆன ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலுடன் நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் இடம் தந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிறுவனம் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் வன்னியில் வெண்புறா நிறுவனமும் செயற்கை அவயவங்கள் செய்து கொடுத்தது.

செயற்கைக் கால் கிடைத்தவுடன் ஊன்றுகோலை எறிந்துவிடுவோரும் உண்டு. அது தவறு. எஞ்சிய காலில் புண் வந்தால் அது ஆறும் வரை செயற்கைக் காலைக் கழற்றி வைக்க வேண்டும். இரவில் எழுந்து வெளியே போகவும் தடி வேண்டும். எனவே அளவான ஊன்றுகோல் ஒரு சோடி எப்போதும் கட்டிலருகே இருக்கட்டும்.

இரண்டு முடிச்சு உள்ள நூல்

இடம்பெயர்ந்து பழகிய குடும்பங்களுக்கு ஒரு யோசனை. அவசரத்தில் ஊன்றுகோல் தவறிப்போகும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்தபோது, போர் இல்லாமலே மக்கள் ஓர் இரவில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் தடி போனாலும் அளவு போகக்கூடாது.

இழுபடாத நூல் ஒன்றை எடுங்கள். சரியான அளவுள்ள ஊன்றுகோலின் அடிநுனியில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, கைப்பிடி வரும் இடத்தில் ஒரு முடிச்சும், மேற்கட்டை வரும் இடத்தில் இன்னொரு முடிச்சும் போடுங்கள். அதைச் சுருட்டி அடையாள அட்டையும் வைத்திய அட்டையும் இருக்கும் உறைக்குள் வையுங்கள். அட்டையின் பின்புறத்தில் இரண்டு அளவையும் அங்குலத்தில் எழுதுங்கள். எந்த முகாமில், எந்தப் பாடசாலைக் கட்டடத்தில் போய் இருந்தாலும், அங்குள்ள தச்சரோ உதவி வழங்குபவரோ அந்த நூலை நீட்டிப் பார்த்து உரிய தடியைத் தரலாம். இருக்கும் தடியைத் திருத்தலாம். கொடுப்பவர் அளக்க மறந்தாலும் வாங்குபவர் அளவைச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது நன்றி மறப்பது ஆகாது.

புதிய ஊன்றுகோல் தேவையானவர்கள் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். கை விறைப்பு உள்ளவர்கள் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையை நாடி, நரம்பு பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். "கை நோகுது" என்று மட்டும் சொல்லாமல், "ஊன்றுகோல் பிடிக்கின்றேன், விரல் விறைக்குது, மணிக்கட்டு உயரவில்லை" என்று சொன்னால் வைத்தியருக்கு உடனே விளங்கும்.

ஊர் மட்டத்தில் செய்யக்கூடியதும் உண்டு. காலபோக விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்புகள் கூட்டம் கூடி வாய்க்கால் துப்புரவு பற்றிப் பேசுகின்றன. அதே கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை ஒதுக்கி, ஊரில் ஊன்றுகோல் பிடிக்கும் எல்லோரையும் அழைத்து, ஒரு தச்சரையும் ஓர் அளவு நாடாவையும் வைத்துப் பின்வரும் ஐந்தையும் பார்க்கலாம்:

கமக்கட்டுக்கும் மேற்கட்டைக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் போகின்றதா?

கைப்பிடி மணிக்கட்டு மடிப்பில் நிற்கின்றதா?

அடிநுனி றப்பர் தேயாமல், வெடிக்காமல் இருக்கின்றதா?

ஆணியும் சுரையும் இறுக்கமாக, மரம் வெடிப்பின்றி இருக்கின்றனவா?

இரண்டு மணிக்கட்டும் ஒரே அளவில் உயருகின்றனவா?

ஐந்தையும் பார்த்து முடிக்க ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். திருத்துவதற்கு ஒரு வாளும் இரண்டு ஆணியும் ஒரு ரயர்த் துண்டும் போதும். நிலம் உழுமுன் கலப்பையைச் சரிபார்க்கும் நாம், இந்த விதைப்புக்கு முன் ஊன்றுகோலையும் சரிபார்த்து வைப்போம்.